வரிசையில் நின்றவர்களின் ரத்தம்

அன்று காலை மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் நான்கு பேர்: எங்கள் டாக்டர், நான், கோழிகளைக் கவனித்துக்கொண்ட பொன்னம்மாள், முடிவைக் கையோடு வாங்கிப்போக வந்திருந்த காண்ட்ராக்டரின் கணக்குப்பிள்ளை. இல்லாதவர்களையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுத்த கம்பவுண்டர் இல்லை, விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். ரத்தம் கொடுத்த பட்டாபிராம் கூலிக்காரர்களும் இல்லை. மேஜைமேல் இருந்தவை அவர்களுடைய எட்டுப் புட்டிகள் மட்டும்.

ஆவடி முகாமை ஒட்டிய இந்தச் சின்ன ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எனக்குப் பூந்தமல்லிப் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை, போர் நடந்த வருடங்கள்தான் என்னுடைய மொத்த அனுபவம். இருந்தாலும் கைமாற்றிக் கொடுக்க ஒன்று இருக்கிறது. சோதனைக் குழாயை எப்படிப் பிடிப்பது என்பதை நீங்களே பழகிக்கொள்வீர்கள். குழாய் சொன்னதை எவ்வளவு தூரம் நம்புவது என்பதற்குத்தான் சிறிது காலம் ஆகும்.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டாபிராமில் ராணுவச் சரக்கு இறங்கும் ரயில் கிளைப்பாதையில் பத்துப் பேர் கொண்ட ஒரு கூலிக்கூட்டம் இருந்தது. மூட்டை இறக்க வேண்டிய சமயத்தில் பத்துப் பேரும் வரவில்லை, குடிசைகளில் ஜுரம் என்றார்கள். காண்ட்ராக்டர் நம்பவில்லை. கூலி உயர்த்திக் கேட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. "ஜுரம்னு படுத்தவன் மறுநாளே வரிசையில நெட்டுக்குத்தா நிக்கிறான். இது ஜுரமா, நாடகமா?" என்று அவர் கிளைப்பாதைக்குப் பொறுப்பான வெள்ளைக்கார அதிகாரியிடம் போய் நின்றார்.

அதிகாரி ஒரு வழி சொன்னார். தீர்ப்பு வரும்வரை வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஆனால் வழக்கம்போலத் தினமும் எண் பொறித்த பித்தளை வில்லையோடு வரிசையில் வந்து நிற்க வேண்டும், நிற்காதவன் பெயரை அடித்துவிடுவார்கள். சிலரிடம் ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். இன்புளுயன்சா என்று நாங்கள் சொன்னால் வேலை திரும்பக் கிடைக்கும். இல்லை என்றால் பத்து வில்லையும் பறிமுதல், அந்த இடத்துக்கு வேறு ஊர் ஆட்கள்.

ஆக, பத்துக் குடும்பத்தின் சோறு எங்கள் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் சோதனை இதுதான்: முட்டைக்குள் வளர்த்த இன்புளுயன்சா வைரஸ், கோழியின் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். ஒருவருக்கு அந்த ஜுரம் வந்து போயிருந்தால் அவருடைய சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர், அதைத் தடுக்கும். ஜுரம் தொடங்கும்போது இந்தத் தடுப்பு குறைவாக இருக்கும், இரண்டு வாரத்தில் நன்றாக ஏறிவிடும். அதனால்தான் ஒரே ஆளிடம் இரண்டு முறை ரத்தம் எடுக்கிறோம். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு எவ்வளவு ஏறியது என்பதுதான் பதில். ஒரு புட்டியை மட்டும் பார்த்துப் பதில் சொல்பவனை நம்பாதீர்கள்.

நான்கு பேருடைய புட்டிகள், ஆளுக்கு இரண்டு. மூன்று பேருக்கு முதல் ரத்தத்திலும் ஒன்றுமில்லை, இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. நான்காவது ஆளின் புட்டிகளில் எழுதியிருந்த பெயர் ஏழுமலை. அவனுடைய முதல் ரத்தத்தில் தடுப்பு மிக அதிகம், இரண்டாவதில் சுத்தமாக இல்லை. ஏற வேண்டியது இறங்கியிருந்தது. இரண்டு வாரத்தில் அப்படி இறங்க வழியே கிடையாது.

"கோழி சரியில்லையோ?" என்றார் டாக்டர்.

பொன்னம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் கோழிக்கு இன்னா கொறச்சல்? வேளா வேளைக்குத் தீனி போட்டுகினு கீறேன். உங்க கண்ணாடிக் கொழாவ மொதல்ல கழுவுங்கோ."

வேறு கோழியின் ரத்தத்தை வைத்து மறுபடியும் செய்தோம். அதே முடிவு. கணக்குப்பிள்ளை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். "மத்தியான ரயில்ல புது ஆளுங்க எறங்கறாங்க சார். ஐயா கேட்டுகினு வரச் சொன்னாரு."

டாக்டர் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். அவர் நல்ல மனிதர். அந்தக் கூலிக்காரர்களின் குடிசைகளை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து, அன்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"இங்க பாரு. முதல் புட்டியையும் ரெண்டாவது புட்டியையும் இடம் மாத்தி வச்சுப் பாரு. கணக்கு நேராயிடுது இல்ல? ஒண்ணுமில்லாததுல இருந்து நல்லா ஏறியிருக்கு. இன்புளுயன்சா. ஒரு ஆளுக்கு உறுதியானாப் போதும், பத்துப் பேருக்கும் வேலை திரும்பிடும்."

"சார், நான் சீட்டை மாத்தி ஒட்டலை."

"ஒட்டினேன்னு நான் சொல்லலையே. ஒட்டியிருக்கலாம்னுதான் சொல்றேன். ஒரு வரி எழுதிக் குடு."

அந்த வரியை எழுதக் கால் நிமிஷம்கூட ஆகாது. நானும் கள்ளிக்குப்பத்தில் ஒரு கூலிக்காரர் வீட்டில் பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். வரிசையில் நிற்பவர்கள் யாரோ அல்ல என்பது எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுதத்தான் மனம் போயிற்று. ஆனால் சீட்டு ஒட்டியது இந்தக் கை. ஒவ்வொரு புட்டியும் வந்த அன்றே ஒட்டியது. முதல் புட்டி வந்தபோது இரண்டாவது இன்னும் அந்த ஆளின் உடம்புக்குள்தான் இருந்தது. பிறகு எப்படி மாறும்?

"சார், ஒண்ணு செய்யலாமா? ரெண்டு புட்டிக்கும் ரத்த வகை பார்த்துடலாம். ஒரே ஆளா இருந்தா ஒரே வகை. அப்ப நீங்க சொல்ற மாதிரி எழுதறதா வேண்டாமான்னு யோசிக்கலாம்."

டாக்டர் என்னோடு மேஜைக்குத் திரும்பி வந்தார். பிறகு சட்டைக்கையை மடித்து விரலை நீட்டினார். அவர் ரத்தம் ஏ வகை, என்னுடையது பி. இருவர் விரலிலும் குத்தி அந்த அணுக்களை ஏழுமலையின் இரண்டு சீரத்தோடும் கலந்தோம்.

பொன்னம்மாள் கதவோரம் நின்று சிரித்தாள். "இத்தினி நாளா என் கோழிங்களக் குத்துனீங்கோ. இன்னிக்கி உங்க மொறை. வலிக்குதா சார்?"

முதல் சீரம் டாக்டரின் அணுக்களை மட்டும் ஒட்ட வைத்தது. இரண்டாவது சீரம் எங்கள் இருவருடையதையும் ஒட்ட வைத்தது. ஏ அணுவை மட்டும் ஒட்ட வைப்பது பி வகை ஆளின் சீரம், இரண்டையும் ஒட்ட வைப்பது ஓ வகை ஆளுடையது. ஏழுமலை என்ற ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். மற்ற மூவரின் புட்டிகளையும் பார்த்தோம். அதில் இன்னொரு ஜோடியும் பொருந்தவில்லை.

"அப்போ யாரோட ரத்தம்யா இது?" என்றபடி டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே கணக்குப்பிள்ளை மறுபடியும் கேட்டார். "அப்ப ஜுரம் இல்லன்னு எழுதிக்கட்டுமா சார்?"

"முடிவு இல்லைன்னு எழுதிக்கோ. ஜுரம் இல்லைன்னு நான் சொல்லலை. ரெண்டும் ஒண்ணு இல்லைய்யா" என்றார் டாக்டர். அவர் இந்தக் கூடத்தில் எனக்குச் சொன்ன எத்தனையோ விஷயம் மறந்துவிட்டது. கணக்குப்பிள்ளையிடம் சொன்ன இது மட்டும் மறக்கவில்லை.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டாபிராம் போனேன். போய்ச் சேர்ந்தபோது மாலை வரிசை நின்றுகொண்டிருந்தது. பத்து வில்லை, பத்து ஆள். காவலாள் வில்லையின் எண்ணைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆய்வுக்கூடத்திலேயே புரிந்திருக்க வேண்டும். எங்கள் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாத நாட்களில் செங்கல் சூளையில் அவர் வில்லையோடு நானே நின்றிருக்கிறேன். வில்லை ஒரு ஆளுடையது அல்ல, ஒரு வீட்டுடையது. அந்த வீட்டில் அன்று யாரால் நிற்க முடிகிறதோ அவர் வந்து நிற்பார். எங்கள் ஜனங்களுக்கு இதில் ஏமாற்று என்ற எண்ணமே கிடையாது.

கம்பவுண்டர் ரத்தம் எடுத்தது இந்த வரிசையில்தான். ஜுரத்தில் துவண்டு கிடந்தவன் வரிசையில் எப்படி நிற்பான்? நிற்க முடிந்தவன் கையில்தான் ஊசி ஏறியிருக்கிறது. காண்ட்ராக்டர் பார்த்ததும் அவர்களைத்தான்.

வரிசை கலைந்ததும் மேஸ்திரியிடம் போனேன். சின்னசாமி என்று பெயர், ஐம்பது வயதிருக்கும், குரல் பெரிது.

"ஏழுமலை யாரு, மேஸ்திரி?"

 ஒல்லியாக ஒருவன் முன்னே வந்தான். "நான்தான்."

"மொத தடவை ரத்தம் குடுத்தது நீயா?"

அவன் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி வானத்தைப் பார்த்தார்.

"எங்க நைனா வில்லையில நானும் நின்னுகீறேன்" என்றேன். எங்கள் வீட்டுப் பேச்சு தானாக வாயில் வந்துவிட்டது. "சும்மா சொல்லுங்கோ."

மேஸ்திரி என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? பேன்ட்டு போட்டுகினு வந்து நம்ம ஆளுன்றே!" என்று உரக்கச் சிரித்தார். "சர்தான் நைனா, கேளு. இவன் ஏழுமலைக்குத் தம்பி. மொத தபா குடுத்தது இவங்க பெரியண்ணன். அரிசி மில்லுல வேலை. எல்லாருக்கும் முன்ன அவனுக்குத்தான் ஜுரம் வந்து எறங்குச்சி. ரெண்டாந் தபா குடுத்தது இவன். இவனுக்கு ஒரு தும்மல்கூட வர்ல. ஏழுமலை ஊட்ல கீறான், வா."

குடிசைக்குள் ஏழுமலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஜுரம் விட்டும் இருமல் விடவில்லை. நெஞ்செலும்பு எண்ணலாம் போல இருந்தது. என்னைப் பார்த்ததும், "இன்னா அண்ணாத்தே, என் ரத்தம் ரொம்ப ருசியா கீதாமே, ரெண்டு தபா எடுத்தீங்களாம்" என்றான். அவன் உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம்கூட எங்கள் மேஜைக்கு வந்ததில்லை.

வெளியே வந்ததும் மேஸ்திரி என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது சிரிப்பு இல்லை. "இத்த நீ எழுதிட்டா ஆள் மாறாட்டம்னு பத்து வில்லையும் புடுங்கிடுவான். பாத்துக்கோ."

"ஆள் மாறினத நான் எழுத வேண்டியதில்ல. இந்த ரத்தத்துல முடிவு சொல்ல முடியாதுன்னு எழுதினா அது பொய்யில்ல. புதுசா எடுக்கணும். எடுத்து ரெண்டு வாரம் ஆவணும்."

"ரெண்டு வாரம் இன்னாத்தத் துன்றது? வேற வழியே இல்லியா?"

மறைக்க மனம் வரவில்லை. புட்டியை இடம் மாற்றி எழுதும் வழியையும் சொன்னேன். அவர் கோபத்தில் துண்டை உதறினார்.

"அத்த எழுதறதுக்கின்னா உனுக்கு? படிச்சிட்டா நம்ம ஆளுங்கள மறந்துடுவியா?"

"எழுதினா காண்ட்ராக்டர் சும்மா இருப்பாரா? வேற பெரிய லேபுக்கு அனுப்பிப் பாக்கச் சொல்வாரு. ரெண்டு ஆளோட ரத்தம்னு அங்க ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிபோவும். அப்ப என் வேலையும் போவும், உங்க வில்லையும் போவும், நாளைக்கி நெசமாவே ஜுரம் வந்தாலும் எவனும் நம்ப மாட்டான்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "இன்னா எழவோ, உன் இஷ்டம். ஆனா நீயே வந்து குத்து. அந்தக் கம்பவுண்டரு வேணாம், அவன் மூஞ்சியே பாக்கமாட்டான்" என்றார்.

அடுத்த நாள் டாக்டரும் நானும் சேர்ந்து போனோம். நடந்ததை எல்லாம் அவரிடம் சொல்லிவிட்டேன். அதிகாரிக்கு அவர் அனுப்பிய குறிப்பில், இரண்டு முறையும் ஒரே ஆளிடம் எடுத்த ரத்தம் என்று உறுதி சொல்ல முடியாததால் முடிவு தரவில்லை என்றும், ஜுரக்காரரிடம் ரத்தம் எடுப்பதானால் அவர் படுத்திருக்கும் இடத்துக்குப் போய் எடுக்க வேண்டும் என்றும் எழுதினார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இரண்டும் உண்மை. யாருடைய வில்லைக்கும் அதனால் ஆபத்தும் இல்லை.

குடிசைகளில் ஜுரம் இன்னும் அடங்கவில்லை. ஏழுமலையின் மனைவி அன்றுதான் படுத்திருந்தாள். பக்கத்துக் குடிசைகளிலும் புதிதாகச் சிலர். அவர்களிடம் முதல் ரத்தம் எடுத்தோம். ஏழுமலை உட்படக் கூட்டத்துப் பத்துப் பேரிடமும், அசல் ஆட்களிடமே, எடுத்தோம். ஜுரமே வராத சிலரிடமும் ஒப்பிட்டுப் பார்க்க எடுத்தோம்.

சீட்டில் என்ன எழுதுவது? வில்லை எண் பயன்படாது. பெயரும் போதாது, அந்தப் பத்துக் குடிசைக்குள் முனியம்மா மட்டும் மூன்று பேர். அப்போதுதான் அவர்கள் கைகளைப் பார்த்தேன். ஒவ்வொருவர் கையிலும் குறத்தி குத்திய பச்சை. ஒருத்திக்குக் கோலம், ஒருவனுக்குத் தேள், இன்னொருத்திக்குத் தாலி கட்டியவன் பெயரின் முதல் எழுத்து. சீட்டில் பெயருக்குக் கீழே அந்தப் பச்சையை அப்படியே வரைந்தேன். பச்சை குத்தாத ஒருவனுக்குச் சுண்டுவிரலில் பாதி இல்லை, ரயில் வாகன் கதவில் நசுங்கியது. அதை வரைந்தேன். ஏழுமலையின் மனைவி ஜுரத்தோடு எட்டிப் பார்த்து, "என் தாமரைய இன்னா முட்டைகோசு மாரி போட்டுகீறே" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து அதே கைகளைப் பார்த்து இரண்டாவது ரத்தம் எடுத்தோம். புதிதாகப் படுத்தவர்களில் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் தடுப்பு நன்றாக ஏறியிருந்தது. அந்த ஒருவருக்கு ஏன் ஏறவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாது என்றே எழுதினோம். கூட்டத்துப் பத்துப் பேருக்கும் தடுப்பு அதிகமாக இருந்தது, ஜுரம் வராதவர்களுக்கு இல்லை.

காண்ட்ராக்டர் விடவில்லை. அதிகாரியைக் கூட்டிக்கொண்டு எங்கள் கூடத்துக்கே வந்தார். "கோழி ரத்தத்த வெச்சி மனுசன் ஜுரத்தச் சொல்றாங்களாம். மொத தடவை முடிவு இல்லன்னாங்க. இப்ப மட்டும் எந்தப் புட்டி எவனுதுன்னு யார் கண்டா?"

நியாயமான கேள்விதான். கேட்டவரைப் பிடிக்காது என்பதற்காகக் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். நான் புட்டிகளை எடுத்து அதிகாரியின் முன்னால் வரிசையாக வைத்தேன். அவர் தாமரையைப் பார்த்தார், தேளைப் பார்த்தார், பாதி விரலைப் பார்த்தார். நான்கைந்து புட்டிகளை ஒரு தட்டில் வைக்கச் சொல்லி, ஜீப்பில் ஏறிப் பட்டாபிராமுக்குப் போகலாம் என்றார்.

குடிசை வாசலில் அவர் ஒவ்வொரு புட்டியாகத் தூக்கிப் பிடித்தார். அதற்குரிய கை நீண்டது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"தொரை கைரேகை பாக்க வந்துகிறாருடி!"

"எனுக்கு எப்ப துட்டு சேரும்னு கேளு!"

பாதி விரல்காரன் கையை நீட்டியபோது அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரிடம் திரும்பி ஆங்கிலத்தில் ஒன்று மட்டும் கேட்டார்: அந்தப் பத்துப் பேருக்கும் வந்தது இன்புளுயன்சாதான் என்று நிச்சயமாகச் சொல்வீர்களா?

 "நிச்சயம்" என்று சொன்னால் அங்கேயே முடிந்துவிடும்.

டாக்டர் சொன்னார்: இந்தக் குடிசைகளில் இப்போது இருப்பது இன்புளுயன்சா, அது நிச்சயம். அந்தப் பத்துப் பேருக்கு ஜுரம் ஆரம்பித்தபோது எடுத்த ரத்தம் எங்களிடம் இல்லை. அதனால் அவர்களுக்கு வந்ததும் இதுதான் என்று நான் நம்புகிறேன், நம்பக் காரணமும் இருக்கிறது. நிச்சயம் என்று சொல்ல மாட்டேன்.

அதிகாரி தலையை ஆட்டினார். நிச்சயம் என்று சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன் என்று சொல்லிவிட்டு, காண்ட்ராக்டரிடம், இடைக்கு வைத்திருந்த வெளியூர் ஆட்களை அனுப்பிவிட்டுப் பத்துப் பேரையும் மறுநாள் காலை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். கூலி இல்லாமல் போன நாட்களுக்கு ஒன்றும் தருவதாகச் சொல்லவில்லை. டாக்டர் கேட்டும் பார்த்தார். அது தன் அதிகாரத்தில் இல்லை என்றார்.

அடுத்த வாரம் வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். வாகனிலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஏழுமலை இன்னும் மூட்டை தூக்கவில்லை, மூட்டைக்கு ஒன்றாகக் கணக்குக்குக் குச்சி போட்டுக்கொண்டிருந்தான், அசல் ஏழுமலையேதான். மனசுக்கு நிறைவாக இருந்தது. இந்த வேலையில் அப்படிப்பட்ட நாட்கள் உங்களுக்கும் வரும். முடிவு சரியாக இருந்தது என்பதோடு, அந்த முடிவுக்குப் போன வழியையும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்ல முடிந்தது என்பதால் வந்த நிறைவு அது.

மேஸ்திரி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

"நீ மொத நாளே புட்டிய மாத்தி எழுதியிருந்தா மறுநாளே வேலைக்கிப் போயிருப்போம். உன்னால எங்களுக்கு எம்மாம் நஷ்டம் தெரியுமா நைனா?"

"தெரியாது. சொல்லுங்கோ."

ஏழுமலை குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினான். மேஸ்திரி அவன் கணக்கை இரண்டு இடத்தில் திருத்தினார். நான் மாற்றி எழுதாமல் விட்ட நாள் முதல் வேலை திரும்பக் கிடைத்த நாள்வரை, பத்துப் பேர் கூலியும் சேர்த்து, நூற்றெண்பது ரூபாய்.